ஐந்து ‘கூடாது’களும் ஒரு சாட்சிக் கையெழுத்தும்

மார்ச் 2

அன்புள்ள அக்கா மகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. நான் நலம். என் நலத்தைப் பார்த்து இங்கே நாலு பேர் வயிறு எரிகிறார்கள், அந்த அளவுக்கு நலம்.

மே பன்னிரண்டாம் தேதி பதிவு அலுவலகத்தில் உன் கல்யாணம் என்று அக்கா சொன்னாள். பெண் பக்கச் சாட்சியாகக் கையெழுத்துப் போடப்போவது கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரராம். நான் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாதாம். “என்னக்கா இது, தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், மருந்துக்கடைக்காரரா கையெழுத்துப் போடறது?” என்று கேட்டேன். “உன் வாய்தான்டா காரணம், என்னைக் கேக்காதே” என்று போனை வைத்துவிட்டாள். நீயோ என் போனை எடுப்பதே இல்லை.

நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? மாப்பிள்ளை பல் டாக்டர், எந்நேரமும் அடுத்தவர் வாயைப் பார்ப்பவர், தன் வாயைத் திறக்கமாட்டார். அவருடைய அம்மாவுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது. அந்த அம்மாள் கடமைக்குச் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். முதல் விருந்தில் ஒரு கலகலப்பு வேண்டாமா? உன் அப்பாவைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னேன். போய்ச் சேர்ந்த மனிதர். படகுத்துறையில் டிக்கெட்டுக்கு ஓட்டை போட்டவர் என்று சொன்னால் எடுப்பாகவா இருக்கும்? கப்பல் கேப்டன் என்றேன். படகுக்கும் கப்பலுக்கும் தண்ணீர் ஒன்றுதானே.

சரி, இனி எனக்காக மொழிபெயர்க்கும் சிரமம் உனக்கு வேண்டாம். எங்கள் பாட்டில் தொழிற்சாலையில் பாதிப்பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். பதினோரு வருஷப் பழக்கத்தில் பாஷை தானாக என் நாக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டது. தூக்கு, இறக்கு, நிறுத்து, சீக்கிரம், எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மீதி கொஞ்சம்தான். நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டேன் என்பார்கள். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளியில் ஆள் இல்லை என்பதுதான் உண்மை. நீ மொழிப்பள்ளியில் ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறாய். எனக்கும் நாலு வரி எழுதி அனுப்பு. பிறகு பார், சம்பந்தியம்மாளிடம் நானே நேராகப் பேசிக்கொள்கிறேன்.

அந்தச் சாட்சி இடத்தை மட்டும் மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்துவிடாதே.

ஆசிகளுடன்,
மாமா

•

மார்ச் 9

மாமாவுக்கு,

போனில் உங்கள் வாய்க்கு எல்லை கிடையாது. காகிதத்துக்கு ஓரம் என்று ஒன்று உண்டு. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீங்கள் சொன்னதும் நான் மொழிபெயர்த்ததும் நினைவிருக்கிறதா? அப்பா கேப்டன். நான் ஏழு மொழிகளில் பாடுவேன். அந்த அம்மாள் உடனே கையைத் தட்டி “பாடு” என்றார். எழுந்து நின்று எழுத்துவரிசையை ராகத்தோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதோடு விட்டீர்களா? கேப்டனின் தூரநோக்கி உங்களிடம் இருப்பதாகவும் கல்யாணத்தன்று பரிசாகத் தருவதாகவும் வாக்குக் கொடுத்தீர்கள். போன வாரம் அவர் கடிதம் போட்டிருக்கிறார், தூரநோக்கிக்கு உறை தைத்துக்கொண்டிருக்கிறாராம்.

அப்பா டிக்கெட் பார்த்தவர். அதில் எனக்கு ஒரு நாளும் வெட்கம் இருந்ததில்லை. நீங்கள் கேப்டன் என்று சொன்னபோதுதான் எனக்கு முகம் சுட்டது. ‘அந்த மனிதர் போதவில்லை’ என்று நீங்கள் சொன்னது போல இருந்தது.

சாட்சி என்றால் கண்டதைச் சொல்பவர், மாமா. இருந்தாலும் அம்மா தினமும் மூக்கைச் சிந்துகிறாள். ஆகவே ஒரு வாய்ப்பு. ‘செய்’ என்ற கட்டளைகள்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறதே. ‘செய்யாதே’ என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

முன்னால் ‘நோ’ போடவேண்டும். வினைச்சொல் ‘ஆர்’ என்று முடிந்தால், அந்த ஆ எழுந்து போய் அங்கே ஏ உட்காரும். ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடிந்தால் அங்கே ஆ வந்து உட்காரும். ஒழுங்கான வினைகளுக்கு இவ்வளவுதான். பேசுவது ஆப்லார், பேசாதீர்கள் என்றால் நோ ஆப்லே. உங்களுக்கு ஐந்து:

நோ ஆப்லே, பேசாதீர்கள்.
நோ கான்தே, பாடாதீர்கள். (நீங்களும் எழுந்துவிடுவீர்கள் என்று தெரியும்.)
நோ இன்வென்தே, கதை கட்டிவிடாதீர்கள்.
நோ ப்ரோமேதா, வாக்குக் கொடுக்காதீர்கள்.
நோ இன்தெர்ரும்பா, குறுக்கே பேசாதீர்கள்.

நீங்கள் பெரியவர் என்பதால் மரியாதை வடிவத்தில் தந்திருக்கிறேன். நீ, வா, போ என்று பழகுகிறவர்களிடம் கடைசியில் ஒரு ‘ஸ்’ சேர்ப்பார்கள். பின்பக்கத்தில் ஐந்தையும் அவர்களுடைய எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். இந்த ஐந்தும் மனப்பாடம் ஆகி, நடத்தையிலும் வந்தால் யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன்.

இப்படிக்கு

•

மார்ச் 16

என் தங்கமான மருமகளுக்கு,

ஐந்தும் முடிந்தது! மற்றவர்கள் ஆறு மாதம் படிப்பதை நான் ஒரு மத்தியானத்தில் முடித்தேன். ஆ வீட்டில் ஏ குடிவருகிறான், ஏ வீட்டிலும் ஈ வீட்டிலும் ஆ குடிவருகிறான். இதில் என்ன இருக்கிறது? நீங்கள் எல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு இதை ஒரு வருஷம் இழுக்கிறீர்கள்.

என் முறை தனி. நான் பெயிண்டர். இந்தத் தொழிற்சாலையில் இருக்கிற அத்தனை சுவரும் அத்தனை மஞ்சள் கோடும் என் கைவண்ணம். தூரிகையில் தொட்டு எழுதினது என் தலையைவிட்டுப் போகாது. புத்தகத்தில் படித்தது தங்காது. அதனால் ஐந்து தகரப் பலகை எடுத்தேன். வெள்ளை அடித்து, சிவப்பில், முழங்கை உயர எழுத்தில், உன் ஐந்து கட்டளைகளையும் எழுதினேன். ஓரத்துக்குக் கறுப்புக் கட்டம். நாள் முழுக்கக் கண்ணில் படட்டும் என்று பாட்டில் வரும் பெல்ட்டுக்கு நேர்மேலே, வரிசையாக மாட்டிவிட்டேன். ஏணியில் நின்றபடி ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தேன். கீழே எல்லாரும் வேலையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்கள்.

மேலாளருக்கு ஸ்பானிஷ் ஓர் எழுத்து தெரியாது. ஆனாலும் ரசனை உள்ள மனிதர். “பாதுகாப்புப் பலகையா? நல்லா பளிச்சுன்னு இருக்கே!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு கையாலும் குலுக்கினார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது.

ஒரு சின்ன அதிசயம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். குரலுக்காக நாங்கள் சைரன் அக்கா என்போம். அவர் எடுத்துக்கொடுக்க, பாட்டில் அடுக்கும் பெண்கள் எல்லாம் காலையிலிருந்து பாடிக்கொண்டே இருப்பார்கள், காது புளித்துப்போகும். மூன்று நாளாகச் சத்தமே இல்லை. என் கையெழுத்தின் அழகில் மூழ்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிடு.

வெற்றியுடன்,
மாமா

•

மார்ச் 21

மாமா,

எங்கே மாட்டினீர்கள் என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அங்கே பாதிப்பேருக்கு அந்த மொழி தெரியும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? ‘பேசாதீர், பாடாதீர்’ என்று சிவப்பு எழுத்தில் தலைக்குமேல் தொங்கினால் நிர்வாகத்தின் உத்தரவு என்றுதானே நினைப்பார்கள்?

இன்றைக்கே கழற்றுங்கள். இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஏணியில் ஏறுங்கள்.

நான் சிரிக்கவில்லை. அம்மாதான் சிரிக்கிறாள்.

•

மார்ச் 29

அன்புள்ள மருமகளே,

உன் கடிதம் வந்து சேர்வதற்குள் இங்கே உலகமே தலைகீழ். முந்நூறு பாட்டில் போயிற்று. சரி, உன்னிடம் எதற்கு, நாற்பது.

அந்தப் பாட்டு சும்மா பாட்டு இல்லையாம். பதினோரு வருஷம் கேட்ட எனக்கே தெரியாது. ஒரு அடிக்கு ஒரு பாட்டில். பன்னிரண்டு அடி பாடி முடித்தால் பெட்டி நிறைந்தது என்று கணக்கு, மூடி ஒட்டிவிடுவார்கள். பாட்டு நின்றதும் ஒரு பெட்டியில் பதினொன்று, அடுத்ததில் பதின்மூன்றைத் திணித்திருக்கிறார்கள். பாதிப் பெட்டி திரும்பி வந்தது.

மெஷின் மெக்கானிக்கிடம் மேலாளர், “நாளைக்குள்ள சரியாகிடுமா?” என்று கேட்டிருக்கிறார். அவன் வாயைத் திறக்காமல் விரலை மேலே காட்டினான். நாலாவது பலகை. வாக்குக் கொடுக்காதீர்.

வியாழக்கிழமைதான் உச்சம். மேலாளர் பெல்ட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, விருந்தாளிகள் இரண்டு பேருக்குத் தொழிற்சாலையின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். பின்னால் பெல்ட் முனையில் பாட்டில் சேர்ந்து கொண்டே போகிறது. நாற்பது பேர் கண்ணால் பார்க்கிறார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. குறுக்கே பேசாதீர் என்று பலகை சொல்கிறதே! மடமடவென்று விழுந்தது பார், விருந்தாளிகளில் ஒருவர் மேஜைக்கடியில் போய்விட்டார்.

பலகையில் இருப்பதன் அர்த்தத்தை யாரோ சொல்லிவிட, மேலாளர் என்னைக் கூப்பிட்டார். “யார் சொல்லி எழுதினீங்க?”

மருமகளே, அந்த நேரத்தில் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. “தலைமை அலுவலகத்து உத்தரவு சார், நேரா எங்கிட்டதான் வந்துச்சு” என்றேன். அவர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அவர்கள் இல்லை என்றார்கள். உடனே மேலாளரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஸ்பானிஷ் தெரிந்தவர், எல்லாரும் பேச்சுக் கேட்பவர், வேலையைக் கெடுக்கப் பெயிண்டரை ஏமாற்றி எழுதவைத்தவர் சைரன் அக்காவாகத்தான் இருக்கவேண்டும் என்று. நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை அவர் வீட்டில் இருக்கிறார். தானாகச் சரியாகிவிடும். இதெல்லாம் பெரிய தொழிற்சாலையில் சகஜம்.

பலகைகளைக் கழற்றிவிட்டேன். ஐந்தும் எனக்கு நன்றாக மனப்பாடம். சாட்சி விஷயம் என்ன ஆயிற்று?

மாமா

•

ஏப்ரல் 4

மாமா,

ஐந்தும் மனப்பாடம். மூன்றாவதை மேலாளர் அறையில் காற்றில் விட்டாயிற்று.

செய்யாத தப்புக்கு ஓர் அம்மாள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் நாளைக்கே வேலைக்கு வருவார். அந்த வார்த்தை உங்களிடம் இருக்கிறது. நீங்கள் என்னிடம் கேட்கிற சாட்சியும் இதுதான், வேறு எதுவும் இல்லை.

இன்னும் இரண்டு தருகிறேன். ஒளிப்பது எஸ்கோந்தேர். காத்திருப்பது எஸ்பெரார். எந்த வீட்டில் யார் குடிவருவார் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

நோ எஸ்கோந்தா. நோ எஸ்பெரே.

இவற்றைப் பலகையில் எழுதவேண்டாம்.

•

ஏப்ரல் 12

அன்புள்ள மருமகளுக்கு,

ஒளிக்காதீர்கள். காத்திருக்காதீர்கள். புரிந்தது.

திங்கட்கிழமை காலை மேலாளர் அறைக்குப் போனேன்.

“சார், அந்தப் பலகையெல்லாம் நானாத்தான் எழுதினேன். யாரும் சொல்லல. அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது.”

“யாரைக் காப்பாத்தறதுக்கு இப்படிப் பொய் சொல்றீங்க?”

“பொய் இல்ல சார்.”

“லேட்டா வந்ததுக்கு, சர்க்கஸ் சிங்கம் ரோட்டை மறிச்சுதுன்னு சொன்ன ஆளுதானே நீங்க?”

“அது வேற சார். இது நெஜம்.”

“அன்னைக்கும் இப்படியேதான் சொன்னீங்க.”

என்ன சொல்லியும் நம்பவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், அது செல்லாக்காசாகத் திரும்பி வருகிறது. வேறு வழியில்லாமல் உன் மார்ச் ஒன்பதாம் தேதிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். ‘கேப்டன்’ என்ற இடத்தில் அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ‘எழுத்துவரிசை’ என்ற இடத்தில் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். பிறகு சைரன் அக்காவுக்கு ஆள் அனுப்பினார்.

அந்த அம்மாள் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஐந்து பலகையையும் தரையில் பரப்பி, உன் கடிதத்தின் பின்பக்கத்தை வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தார். “அதேதான் சார். இது யாரோ ஒரு பொண்ணு இந்த ஆளுக்குன்னே அளவெடுத்துத் தச்சது” என்றார். எனக்குச் சாட்சி அவர். யாரை நான் மாட்டிவிட்டேனோ அவரே.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். “நோ ஆப்லேஸ், பெயிண்டர்” என்றார். கடைசியில் ‘ஸ்’ இருந்தது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் அன்றே வேலைக்குத் திரும்பினார். எனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலை முழுக்க மஞ்சள் கோடு புதிதாகப் போடவேண்டும் என்று தண்டனை. நியாயம்தான். மத்தியானத்துக்குமேல் மறுபடி பாடினார்கள். நான் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு அடி.

சாட்சி இடம் மருந்துக்கடைக்காரருக்கே இருக்கட்டும். அவர் ஒழுங்கான மனிதர், சீட்டில் உள்ளதை அப்படியே கொடுப்பவர். உன் அப்பாவைப் பற்றி நீ எழுதியதை நிறையத் தடவை படித்தேன். அவர் எனக்கு அத்தான். அந்தப் படகில் நான் எத்தனையோ தடவை டிக்கெட் இல்லாமல் ஏறியிருக்கிறேன். ஒரு தடவைகூட விட்டதில்லை. சொந்த மச்சானை, எல்லார் முன்னாலும் இறக்கிவிடுவார். இதை அன்றைக்கு விருந்தில் சொல்லியிருக்கலாம்.

மாமா

•

ஏப்ரல் 20

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மா படித்துவிட்டு, “அவனுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். ஒரு சிங்கத்தைத் தவிர வேறு புளுகு எதுவும் அதில் இல்லையே என்று பயந்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மாவிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். படகு, டிக்கெட், தூரநோக்கி. அவர் தைத்துக்கொண்டிருந்த உறையைக் கீழே வைக்கவே இல்லை. “தெரியும்” என்றார். அவருடைய தம்பியிடம் மூன்று கப்பல் இருந்ததாம். மூன்றும் சாப்பாட்டு மேஜையில் மட்டும் ஓடினவையாம். அவர் கணவர் இறந்த பிறகு, அந்த விருந்தில்தான் வயிறு குலுங்கச் சிரித்தாராம். நான் எழுத்துவரிசை பாடியபோது. அதை நான் கவனிக்கவில்லை, என் வெட்கத்தில் நான் இருந்தேன்.

அப்பா மச்சானை இறக்கிவிட்ட கதையையும் சொன்னேன். அதை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

மருந்துக்கடைக்காரரிடம் பேசிவிட்டேன். அவருக்கு நிம்மதி, கையெழுத்துப் போடக் கடையை மூடவேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாராம்.

கடைசியாக ஒரே ஒரு கட்டளை. அர்த்தம் எழுதமாட்டேன். அந்த அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோ ஃபால்தே.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

•

மே 3

என் கண்ணான மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் கடைசிக் கட்டளைதான் முதலில் கண்ணில் பட்டது. ‘நோ’ என்று தொடங்குகிறதே, வரவேண்டாம் என்று திரும்பவும் சொல்லிவிட்டாயோ என்று பயந்தேன். அர்த்தம் கேட்கத் துணிவில்லாமல் இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு நீ சொன்ன எஸ்பெரே ஞாபகம் வந்தது. நேரே போய்ச் சைரன் அக்காவிடம் நீட்டினேன்.

அவர் ஃபோர்க்லிஃப்ட்டை நிறுத்தினார். “வராம இருந்துடாதீங்கன்னு எழுதியிருக்கா, பெயிண்டர்” என்றார். அப்புறம் அதைப் பெல்ட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி அந்தக் குரலில் கத்தினார். நாலாயிரம் பேர் கைதட்டினார்கள். சரி, நாற்பது. அன்றைக்கு ஒரு பெட்டியில் பதின்மூன்று போயிற்று, அதற்குக் காரணம் நான் இல்லை.

கை சும்மா இருக்குமா? மிச்சமிருந்த ஒரு தகரத்தில் அதை எழுதி வாசல் கேட்டில் மாட்டினேன். இந்தத் தடவை மேலாளரிடம் அர்த்தம் சொல்லி, அனுமதி வாங்கித்தான் மாட்டினேன். ஒரு வாரமாக வேலைக்கு ஓர் ஆள் மட்டம் போடவில்லை. மேலாளர் பூரித்துப்போய்விட்டார். அந்த நேரம் பார்த்து, பன்னிரண்டாம் தேதி விடுப்பு வேண்டும் என்று போய் நின்றேன். அவர் ஜன்னல் வழியாகக் கேட்டைக் காட்டினார்.

“எழுதினவரே மட்டம் போடலாமா?”

“சார், அந்தப் பலகை எனக்கு வந்தது. உங்களுக்கெல்லாம் நகல்தான்” என்றேன்.

பேனாவைக் கையில் எடுத்தார். “இது சிங்கமா, நெஜமா?” என்றார். உன் கடிதத்தை எடுக்கச் சட்டைப்பையில் கை விட்டேன். “வேண்டாம், நம்பறேன்” என்று கையெழுத்துப் போட்டார். காகிதம் இல்லாமல், என் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி!

பதினோராம் தேதி ரயிலில் வருகிறேன். எனக்காகவே ஒரு பெட்டி கூடுதலாக இணைக்கிறார்கள். சரி, இல்லை. ஜன்னலோர இடம் கிடைத்திருக்கிறது, அது நிஜம்.

சம்பந்தியம்மாளிடம் உறையை முழுசாகத் தைக்கச் சொல். தூரநோக்கிக்கு இல்லை. அத்தானுடைய டிக்கெட் ஓட்டை போடும் கருவி என்னிடம்தான் இருக்கிறது. அவர் கடைசி நாளில் என்னிடம் கொடுத்தது. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், இன்றைக்கும் நெல்மணி வடிவத்தில் சுத்தமாக ஓட்டை விழுகிறது. வேண்டுமானால் இந்தக் காகிதத்தின் மூலையைப் பார். இதில் ஜோடனை ஒன்றும் இல்லை.

அதை அந்த அம்மாள் கையில் வைக்கும்போது நான் பேசமாட்டேன், பாடமாட்டேன், ஐந்தையும் காப்பேன். நீதான் ஒன்று செய்யக் கூடாது. இது புத்தகத்தில் பார்த்தது இல்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. அழுவது யோரார் என்று மட்டும் சைரன் அக்கா சொன்னார். ஆ வை எழுப்பி ஏ வை உட்காரவைத்தது நான்.

நோ யோரேஸ்.

கடைசியில் இருக்கிற ‘ஸ்’ஸும் நானே போட்டதுதான். நீ எனக்குச் சின்னவள்.

மாமா
(பெண் பக்கச் சாட்சி)